தறி ஓடும் வீட்டில் ஒரு நாய்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் அருகே அமைந்த ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில், வளர்ப்பு நாயைப் பணியிடத்துக்கு அழைத்துச் செல்வது என்ற பேச்சே சற்றுப் பொருந்தாததாகத் தோன்றக்கூடும், ஏனெனில் ஆர்.கே.பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் அண்டையிலுள்ள பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடும் பணியிடமும் ஒரே கூரையின் கீழோ ஒற்றைச் சுவரின் இரு பக்கங்களிலோ இருக்கின்றன. அங்கே நாய் கடக்க வேண்டிய தொலைவு ஒரு வாசற்படிதான். அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலோ நிலைமை நேர்மாறானது; இரும்பை உருக்கியும் உருட்டியும் கம்பியாக்கும் ஆலைகளின் கேட்டைத் தாண்டி ஒரு தொழிலாளி தன் வளர்ப்பு நாயுடன் உள்ளே போவதை நினைத்தும் பார்க்க முடியாது. இவ்விரண்டுக்கும் நடுவே மளிகைக் கடை, அச்சகம், நூல் கிடங்கு, கணக்கர் அலுவலகம், தையற்கடை என்று நாய் உடனிருக்கத்தக்கவையும் தகாதவையுமான பணியிடங்கள் பல உண்டு. எந்த இடத்துக்கு எந்த நாயை எப்படிப் பழக்குவது என்ற கேள்விக்கு விடை காண, மிகக் கடினமான இடமாகிய தறிக்கூடத்திலிருந்தே தொடங்குவது பயன் தரும்.

உலக அளவில் இவ்வழக்கம் இன்று பெருநிறுவனங்களின் புதுமையாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1999 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஒன்று, நாயைப் பணியிடத்துக்கு அழைத்துச் செல்வதற்கென்றே கடைப்பிடிக்கப்படுகிறது. அமேசான் நிறுவனம் சியாட்டில் நகரில் சிறிய அளவில் இயங்கிய தொடக்க காலத்திலேயே ரூஃபஸ் என்ற கார்கி இன நாய் அதன் அலுவலகத்தில் வளைய வந்தது. டாடா குழுமத்தின் தலைமையகமான மும்பை பாம்பே ஹவுஸ் கட்டடம் 2018இல் புதுப்பிக்கப்பட்டபோது, அங்கே நெடுங்காலமாக ஒண்டியிருந்த தெருநாய்களுக்கென ஓர் அறையே ஒதுக்கப்பட்டது. ஆனால் மனிதன் வேலைக்குப் போகும்போது நாயும் உடன் போவது தமிழ்நிலத்தில் மிகப் பழைய செய்தி. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது.

கோவிவனுக்கு மந்தையில் ஒரு வேலை இருந்தது என்பதும், இன்றைய தறிக்கூடத்திலோ அலுவலகத்திலோ நாய்க்கு எந்த வேலையும் இல்லை என்பதும் இங்கே கருதத்தக்க வேறுபாடு. ஆட்டை மடக்கவும் அந்நியரைக் கண்டு குரைக்கவும் ஓடுவதைத் துரத்தவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு விலங்கிடம், எட்டு மணி நேரம் எதுவும் செய்யாமல் கிடக்கும்படி கேட்பதுதான் பணியிடப் பழக்கத்தின் சாரம். கை கொடுப்பதும் பந்தை எடுத்து வருவதும் வீட்டு விருந்தினரை மகிழ்விக்கும். பணியிடத்தில் அவற்றால் பயன் ஏதுமில்லை என்பதோடு, அவற்றை ஓயாமல் செய்துகாட்டிக் கவனத்தைக் கேட்கும் நாய் தொல்லையாகவும் ஆகிவிடும்.

நாய் அருகில் இருந்தால் வேலைச் சுமை குறைகிறது என்ற கூற்றையும் அளவோடு ஏற்பதே நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு முன்னோட்ட ஆய்வை இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டுவார்கள். வட கரோலினா மாநிலத்தில் பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் விற்கும் ஒரு நிறுவனத்தில், அதாவது வாலை ஒரு முறை வீசினால் நட்டம் வரக்கூடிய இடத்தில், அது நடத்தப்பட்டது என்பது சுவையான செய்தி. நாயுடன் வந்த பணியாளர்கள் பொழுது ஏற ஏறத் தங்கள் மன அழுத்தம் மற்றவர்களைப் போல் கூடவில்லை என்று சொன்னார்கள். ஆனால் உடலின் அழுத்த நிலையைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பை உமிழ்நீரில் அளந்தபோது இரு தரப்பினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உடனிருந்த நாய்களின் அழுத்தம் கூடியதா குறைந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியாகவே இல்லை.

சும்மா கிடக்கப் பழக்குவதற்கு ஒரு பழைய சாக்கோ தடித்த விரிப்போ போதுமானது. அதை வீட்டின் ஒரு மூலையில் விரித்துவிட்டு, நாய் தானாக வந்து அதன்மேல் கால் வைக்கும் நேரம் பார்த்து, பேச்சோ பாராட்டோ இல்லாமல், விரல் நகம் அளவு பிஸ்கட் துண்டொன்றை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே போட வேண்டும். அது உட்கார்ந்தால் இன்னொரு துண்டு, படுத்தால் இன்னொன்று. படுப்பதிலும் இரு வகை உண்டு. பின்னங்கால்களை மடக்கி, தலையைத் தூக்கி, எந்த நொடியும் எழத் தயாராகக் கிடப்பது ஒன்று. இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, தாடை தரையில் பதிந்து, மூச்சு நீளமாக வெளிவருவது மற்றொன்று. இந்த இரண்டாவது நிலைக்கே கூடுதல் துண்டுகள் விழ வேண்டும் என்பதை வளர்ப்பவர் மனத்தில் இருத்திக்கொண்டால், சில வாரங்களில் நாய் அந்த விரிப்பைக் கண்டதும் உடலைத் தளர்த்திக்கொள்ளும். பிறகுதான் ‘இரு’ என்ற சொல்லைச் சேர்ப்பதும், நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து அரை மணியாக நீட்டுவதும், வளர்ப்பவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்வருவதும். விரிப்பைத் துவைக்காமல் அப்படியே பணியிடத்துக்கு எடுத்துச் செல்வதில் ஒரு நன்மை இருக்கிறது. மோப்பத்தால் உலகை அறியும் விலங்குக்கு, தன் வாடை ஒட்டிய துணி எங்கே விரிக்கப்படுகிறதோ அந்த இடம் முற்றிலும் புதிய இடமாகத் தோன்றாது.

நாயின் வயதும் இதில் பங்கு பெறுகிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், நாய்களின் நடத்தையும் மரபியலும் குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி தன் சுற்றத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம் என்று காட்டினார்கள். அக்காலத்தில் பல வகை மனிதரையும் தரையையும் வண்டியையும் ஓசையையும் இனிய முறையில் அறிந்த குட்டி, பிற்காலத்தில் புதியவற்றைக் கண்டு மிரள்வது குறைவு. ஆனால் தடுப்பூசித் தொடர் முடிவதற்கு முந்திய காலமும் அதுவே. பார்வோ போன்ற கொல்லும் வைரஸ் நோய்கள் மண்ணிலிருந்தே தொற்றக்கூடும் என்பதால், அந்த வயதுக் குட்டியைத் தெருவில் நடத்தாமல் கையிலோ கூடையிலோ தூக்கிச் சென்று காட்டுவதே ஏற்றது. வளர்ந்த நாயைப் பழக்க முடியாது என்பதில்லை. நாள்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

தறிக்கூடத்தின் முதற்சிக்கல் ஓசை. நாடா எறியும் விசைத்தறியில், நூல் தாரைச் சுமந்த நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பிக்கர் என்னும் உறுப்பு ஓங்கி அடித்து அனுப்புகிறது. நிமிடத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட முறை விழும் இந்த அடி, பல தறிகள் சேர்ந்து ஓடும் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். எட்டு மணி நேர வேலைக்கு மனிதக் காதுக்கு இந்தியாவில் வகுக்கப்பட்ட வரம்பே 90 டெசிபல்தான். மனிதன் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையைத்தான் கேட்கிறான். நாயோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது, ஆகவே மனிதனுக்குப் புலப்படாத உயர்ந்த கிறீச்சொலிகளும் அதன் காதில் விழும். நாய்க்கூடங்களில் எழும் குரைப்பொலியிலேயே ஆறு மாதம் வாழ்ந்த நாய்களின் கேட்கும் திறன் குறைந்ததாக 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது.

ஓசைக்கு நாயைப் பழக்கும் முறையில் இரு கூறுகள் உள்ளன. அச்சமூட்டாத அளவுக்கு மெல்லிய ஓசையில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டுவது உணர்ச்சி மட்டுப்படுத்தல் எனப்படும். அந்த ஓசை கேட்கும் ஒவ்வொரு முறையும் நாய்க்குப் பிடித்த தீனியைக் கொடுத்து, அச்சத்தின் இடத்தில் எதிர்பார்ப்பை விதைப்பது எதிர்ப்பழக்கம் எனப்படும். கைப்பேசியில் தறியோசையைப் பதிவு செய்து, பக்கத்து அறையில் முணுமுணுப்பாக ஒலிக்கவிட்டபடி சோறு வைப்பதும், பிறகு தறி ஓடும் தெருவின் முனையில் நின்று திரும்புவதும், பிறகு ஒவ்வொரு நாளும் பத்தடி நெருங்குவதும் இவ்விரண்டையும் ஒன்றாக்கும் எளிய வழிகள். ஆனால் தறி ஊர்களில் தொடர்ந்த ஓசையைக் காட்டிலும் நாயை மிரட்டுவது ஓசையின் திடீர்த் தொடக்கம்: மின்சாரம் போய்த் தெரு முழுவதும் அடங்கி, நாய் அயர்ந்த நேரத்தில் மின்சாரம் திரும்பி, வீட்டுக்கு வீடு தறிகள் அடுத்தடுத்துச் சடசடவென்று உயிர் பெறும் அந்த நொடிக்கும் பழக்க வேண்டும். கூடத்தில் ஒரு தறியை மட்டும் நிறுத்தி, சற்று நேரம் கழித்து ஓட்டி, ஓட்டியவுடனே திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்குத் தீனி போடுவது இதற்கு உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தறியோசையில் அசையாமல் உறங்கும் வெள்ளை நாயைப் பார்த்து, நன்றாகப் பழகிவிட்டது என்று வீட்டார் மகிழ்வதுண்டு. முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது நாயினங்கள் பலவற்றில் அறியப்பட்டதே. நமது ராஜபாளையம் நாய்களிலும் இது காணப்படுகிறது. அந்த வெள்ளை நாய் தூங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமலும் காற்று படாமலும் கை தட்டிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். காது கேளாத நாயை எந்திரங்கள் அருகே விடுவது கூடவே கூடாது.

ஓசைக்குப் பழக்கிவிடலாம், நூலுக்குப் பழக்க முடியாது. தறிக்கூடத்தின் தரையில் அறுந்த பாவு நுனிகளும் தாரில் மிஞ்சிய ஊடை நூலும் எப்போதும் கிடக்கும். குட்டிக்கு அவை விளையாட்டுப் பொருள். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலிலோ சிக்கிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், உணவை முன்னே தள்ள முயலும் குடல், நாடாக் கோத்த பாவாடை இழுத்தால் சுருங்குவதுபோல் நூலின்மேல் சுருக்கம் சுருக்கமாக ஏறிக்கொள்கிறது. விடாது இயங்கும் குடற்சுவரை இறுகிய நூல் அறுத்தும்விடும். வாந்தி, தீனி மறுத்தல், வயிற்றைத் தொட்டால் சிணுங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டு இழுப்பதுதான் வீட்டார் செய்யும் பெரும்பிழை. இழுக்கவும் அறுக்கவும் செய்யாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், பெரும்பாலும் அறுவை மருத்துவமே தீர்வாக அமையும். நூல் கிடங்கில் எலிக்கு வைக்கும் விஷக்கட்டியும் இதே அளவுக்கு அஞ்சத்தக்கது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த அவ்விஷத்தைத் தின்ற நாய், முதலிரு நாள்கள் நலமாகவே தோன்றி, பிறகு உள்ளுக்குள் இரத்தக் கசிவால் சரியும். காலத்தில் கொண்டுபோனால் கே1 உயிர்ச்சத்து மாற்று மருந்தாக உதவும்.

வேகம் பிசகித் தறியிலிருந்து நாடா தெறித்துப் பறப்பதும், பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வால் நுழையும் வாய்ப்பும் விளக்கத் தேவையில்லாத ஆபத்துகள். வெப்பத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருத்தணி வட்டாரத்தில் அக்னி நட்சத்திர நாள்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஓடோ போட்ட கொட்டகைக்குள், நூல் அறுந்துவிடாதபடி காற்றோட்டத்தைக் குறைத்து ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருக்கும் நிலையில், உடலெங்கும் வியர்க்காத நாய் நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஈரக் காற்றில் அந்த இளைப்பும் பயனிழந்துபோகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். 104ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 106ஐ எட்டினால் உயிர் ஊசலாடுகிறது. அந்நிலையில் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றுப் படவைத்து, குளிர்விக்கத் தொடங்கிய பிறகே வண்டி தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டால், தறி ஓடும் கூடத்துக்குள் நாயை விடாமலிருப்பதே முறை என்பது தெளிவாகும். ஆகவே தறி வீட்டில் வளரும் நாய்க்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் கூடத்தின் வாசற்படியைத் தாண்டாமை. இடுப்பளவு உயரமுள்ள குட்டைக் கதவொன்று பாதி வேலையைச் செய்துவிடும். மீதி வேலை பழக்கத்தால் ஆக வேண்டும்: கதவு திறந்திருக்கும்போது வாசலில் நின்று நாய் உள்ளே பார்த்தால் தீனி, காலெடுத்து வைத்தால் பேச்சின்றித் திருப்பி அனுப்புதல், என்று தறி நிற்கும் நாளில் தொடங்கி, ஒரு தறி ஓடும் நாளில் தொடர்ந்து, வீட்டார் ஒவ்வொருவரும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்க வேண்டும். தாத்தா உள்ளே கூப்பிட்டு முறுக்கு கொடுத்து, அப்பா உள்ளே வந்ததற்கு அதட்டும் வீட்டில் எந்த நாயும் எதையும் கற்காது.

வாசற்படிக்கு வெளியேயும் நாய் தனியாக இல்லை. தார் சுற்ற வருவோர், பாவு பிணைக்க வருவோர், சுமை இறக்குவோர் என்று பலர் வந்துபோகிறார்கள். முதலாளி வீட்டு நாயைக் கண்டு அஞ்சும் கூலித் தொழிலாளி அந்த அச்சத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்பதால், ஆட்சேபணை எழவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நேர்மையன்று. சிறுவயதில் கடிபட்டவரும், நாய் முடியால் மூச்சிரைப்பு வருபவரும், சமய ஒழுக்கத்தால் நாயைத் தொடாதவரும் எந்தப் பணியிடத்திலும் இருக்கக்கூடும். அவர்கள் நடந்துபோகும் வழியை விட்டு விலகிய இடத்தில் நாயின் விரிப்பு இருக்க வேண்டும். நாயும் தன் சம்மதமின்மையை உறுமலுக்கு வெகு முன்பே தெரிவிக்கிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தீனி இல்லாதபோது உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகிய அடையாளங்களை நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகோஸ் தொகுத்து விளக்கியபின் உலகெங்கும் பயிற்சியாளர்கள் அவற்றைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இவை அடிக்கடி தென்பட்டால் அன்றைய வருகையை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

தடுப்பூசிகளில் வெறிநோய்க்கானது மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் தொடர வேண்டியது; எலிக்காய்ச்சலுக்கான ஊசியும், குடற்புழு நீக்கமும், உண்ணி மருந்தும் பிறரோடு இடத்தைப் பகிரும் நாய்க்குத் தவிர்க்கக் கூடாதவை. பற்பட்டது சிறு கீறலாயினும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்ற பேச்சை நம்பி இதைத் தள்ளிப்போடுவது கூடாது. சட்டத்தின் பக்கம் பார்த்தால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஊறு நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. உணவு தயாரித்து விற்கும் இடங்களுக்குள் விலங்குகளை விடக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளிலேயே உள்ளதால், ஓட்டலும் பேக்கரியும் இந்தப் பேச்சிலிருந்து விலகிவிடுகின்றன. துணிக்கடை, கணக்கர் அலுவலகம் போன்றவற்றில் பெரிய இடர்ப்பாடு இல்லை. விரிப்பும் தண்ணீர்க் கிண்ணமும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே நடத்திவரும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் போகும் தொழிலாளியின் நாய்க்கோ வேறொரு பழக்கம் வேண்டியிருக்கிறது: ஷிப்ட் முடியும்வரை வீட்டில் தனித்திருத்தல். ஒருநாளும் பிரியாமல் வளர்த்துவிட்டு, வேலை கிடைத்த மறுநாளே பத்து மணி நேரம் பூட்டிவைத்தால், ஊளையும் கதவுப் பிராண்டலும் வீட்டுக்குள் சிறுநீரும் தொடர்வது இயல்பு. இதைக் குறும்பு என்று அடிப்பது நிலைமையை மோசமாக்கும். செருப்பு மாட்டி, சாவி எடுத்து, வெளியே போகாமல் மீண்டும் உட்கார்ந்துகொள்வதைச் சில நாள் செய்து, புறப்பாட்டின் அடையாளங்களைப் பொருளற்றவை ஆக்கிய பிறகு, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி என்று வெளியே இருக்கும் நேரத்தைக் கூட்டலாம். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுவது இதற்கு மாற்றாகாது. வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமலிருப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வரும் வீடுகளில் நேரங்களை நிலைநிறுத்த இயலாதாயினும், தீனி வைத்தலும் வெளியே நடத்தலும் புறப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற வரிசையையாவது மாறாமல் வைத்திருக்கலாம். புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம் நடத்திவிட்டுத் தீனி வைத்த நாய், கதவு சாத்தியபின் பெரும்பாலும் உறங்கிவிடும்.